ஐந்தாம் எண் கண்ணாடி

பூதக்கண்ணாடி என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தது யார் என்பது இன்றுவரை தெரியவில்லை. அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! டிக்கெட் கிழிப்பவரா, படகுக்காரனா, மாடிப்படியில் நின்று கதை அளக்கும் வழிகாட்டியா என்று மூன்று பேரையும் தனித்தனியாக மடக்கி விசாரித்திருக்கிறாள். மூன்று பேரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள். மூன்று பேரையும் அவள் நம்பவில்லை.

வீட்டிலும் அப்படித்தான். பாலை முகர்ந்து பார்ப்பாள், பிறகு புருஷனை முகரச் சொல்வாள், பிறகு அவர் மூக்கு சரியாக இருக்கிறதா என்று கேட்பாள். பூட்டைப் பூட்டி இழுத்துப் பார்த்துத் தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பாள். அவள் புருஷன் தையல்காரர், பொறுமையான மனிதர். "இழுத்து இழுத்தே ஒரு நாள் அந்தப் பூட்டைத் திறந்துடப் போறே" என்பார். அவ்வளவுதான் அவருடைய அதிகபட்சக் கோபம்.

வேலை கிடைத்ததே இந்தக் குணத்தால்தான். நேர்முகத் தேர்வில் கேள்வி கேட்க உட்கார்ந்திருந்த அதிகாரியிடம், "முதல்ல உங்க அடையாள அட்டையைக் காட்டுங்க சார்" என்றாளாம். அவர் சிரித்துக்கொண்டே எடுத்துக் காட்டினார். அட்டையில் இருந்த படத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மறுவாரமே வேலைக்கான கடிதம் வந்தது. அது வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது.

வேலை என்றால் காவல் வேலை. ஆற்றுப் பள்ளத்தின் விளிம்பில் பழைய காவல் கோபுரம் ஒன்று இருக்கிறது. எதிரே பாறையிலிருந்து விழும் அருவி. அருவியை நேருக்கு நேர் பார்க்க, கோபுரத்தின் மேல்தளத்திலிருந்து வெளியே நீட்டிக் கட்டிய ஒரு கல் மாடம். நூற்றுப் பன்னிரண்டு படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வருபவர்கள், அந்த மாடத்தில் கால் வைத்ததும் "அப்பாடா!" என்று நிற்பார்கள். அருவிச் சாரல் முகத்தில் வந்து விழும். ராணி தினமும் இங்கே நின்று மக்களுக்குக் கை அசைப்பாள் என்று வழிகாட்டி சொல்வான். "கீழே ஆறும் பாறையும்தான் இருக்கு. யாருக்குக் கை அசைச்சா? ராணிக்கு வேற வேலை இல்லையா?" என்று பூதக்கண்ணாடி கூட்டத்தின் நடுவில் கேட்டு அவன் பிழைப்பில் மண்ணைப் போடுவாள்.

மாடத்தின் இடது மூலையில்தான் அவளுடைய தம்பி படம் எடுப்பான். வயதில் பதினோரு வருஷம் சின்னவன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின் அவனை வளர்த்து ஆளாக்கியது அவள். காமிராவை ஸ்டாண்டில் நிறுத்தி, "கொஞ்சம் பின்னாடி, இன்னும் கொஞ்சம், அங்கேயே நில்லுங்க" என்று சொன்னால் அருவி முழுசாகப் பின்னால் விழும். வேறு எங்கே நின்றாலும் பாதிதான் விழும். படத்தைக் கீழே வாசலில் உள்ள சின்ன அறையில் அச்சுப் போட்டு வைப்பான். இறங்கிப் போகும்போது வாங்கிக்கொள்ள வேண்டும்.

இனிமேல்தான் கண்ணாடிக் கதை. போன வருஷம் ஒரு என்ஜினியர் வந்து கோபுரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சுவரில் விரிசல் ஓடிய ஏழு இடங்களில், விரிசலுக்குக் குறுக்கே விரல் நீளக் கண்ணாடிச் சில்லு ஒன்றை வைத்து இரண்டு முனையிலும் சாந்து அப்பி ஒட்டினார். பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டார். மாடத்தின் இடது மூலையில் ஒட்டியது ஐந்தாம் எண்.

"சுவர் அசைஞ்சா கண்ணாடி உடையும். கண்ணாடிக்கு வளையத் தெரியாது. திங்களும் வியாழனும் காலையில பாத்து ரிஜிஸ்டர்ல எழுதுங்க. உடைஞ்சிருந்தா தொடாதீங்க, அன்னைக்கே எனக்குச் சொல்லுங்க" என்றார். மிச்சமிருந்த சில்லுகளையும் ஒரு டப்பா சாந்தையும் அலமாரியில் வைத்துவிட்டுப் போனார்.

தம்பி மட்டும் முணுமுணுத்தான். "ஆளுங்க தலைக்குப் பக்கத்துல வெள்ளையா சாந்து. சுவருக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருக்கு. படத்துல அசிங்கமா விழுது." அவள் அதைக் காதில் வாங்கி, பத்திரமாக உள்ளே வைத்துக்கொண்டாள். எதையும் தூர எறிகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

ஆறு மாதம் ஏழும் முழுசாக இருந்தன. பிறகு ஒரு திங்கட்கிழமை காலையில் பார்த்தால் ஐந்தாம் எண் இரண்டாக உடைந்திருக்கிறது.

வேறு யாராக இருந்தாலும் என்ஜினியருக்குப் போன் போட்டிருப்பார்கள். இவளுக்கு ஆத்திரம்தான் பொங்கியது. என் காவலில், என் கோபுரத்தில், ஒருத்தன் கை வைத்திருக்கிறான்! சுவர் அசைந்திருக்கும் என்ற எண்ணம் அவளுக்கு வரவே இல்லை. இருபத்திரண்டு வருஷமாக அங்கே நடந்த தப்புக்கெல்லாம் மனுஷன்தான் காரணம். சுவரில் பேர் கிறுக்கியது மனுஷன், குழாயைத் திருடியது மனுஷன், ராணியைப் பற்றிப் பொய் சொல்வதும் மனுஷன். சுவர் என்ன பாவம் செய்தது? அலமாரியிலிருந்து புதுச் சில்லை எடுத்து அவளே ஒட்டினாள். பதிவேட்டில், "எண் 5: விஷமிகள் உடைத்துள்ளனர். மாற்றப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நாலு நாள் கழித்துத் தலைமை அலுவலகத்துக்கு அதன் நகல் ஒன்றும் அனுப்பினாள்.

முதல் சந்தேகம் வழிகாட்டிமேல். கையில் பிரம்பு வைத்திருக்கிறான். "நானூறு வருஷத்துச் சுவர்" என்று சொல்லிச் சுவரைத் தட்டுகிற பழக்கம் உண்டு. பிரம்பைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அவன் ஒரு மாதம் வெறுங்கையோடு ராணியைக் காட்டினான்.

முப்பத்தைந்தாம் நாள் மறுபடி உடைந்தது.

அடுத்து படகுக்காரன். கீழேயிருந்து அருவி விழும் குட்டைக்குப் படகில் ஆட்களைக் கூட்டிப்போகிறவன். மேலே மாடத்தை மூடிவிட்டால் கூட்டமெல்லாம் அவனிடம்தானே போகும்? போய் நேராகவே கேட்டுவிட்டாள். "அக்கா, எனக்கு நூத்திப்பன்னெண்டு படி ஏறினா முட்டி போயிடும். உங்க கண்ணாடியை உடைக்க முட்டியை உடைச்சுக்குவேனா?" என்றான் அவன். அவன் முட்டியையும் அவள் நம்பவில்லை. மறுபடி புதுச் சில்லு, மறுபடி "விஷமிகள்."

இருபத்தோராம் நாள் மூன்றாவது முறை உடைந்தது. புதுச் சில்லை ஒட்டிவிட்டு, இந்தத் தடவை அவள் பொறி வைத்தாள். சாயங்காலம் கூட்டம் இறங்கியதும் மாடத்தின் தரையில், ஐந்தாம் எண்ணுக்குக் கீழே, மூலை முழுக்க மாவு தூவினாள். எவன் வந்தாலும் கால்தடம் விழும். காலையில் முதல் ஆளாக ஏறிப் பார்ப்பாள், துடைப்பாள். வீட்டில் தையல்காரர், "டப்பா டப்பாவா மாவு காணாமப் போவுதே. மலைமேல ஓட்டல் ஏதும் வச்சிருக்கியா?" என்று கேட்டார். அவரிடமும் சொல்லவில்லை. அவர் வாய் எப்படிப்பட்டதோ, யார் கண்டது?

பத்தாம் நாள், வியாழக்கிழமை. மாவு தூவியது தூவியபடி இருந்தது. ஒரு பூனைக் கால்கூடப் பதியவில்லை. மேலே கண்ணாடி உடைந்திருந்தது.

அந்த இடத்தில் நாமாக இருந்தால் என்ன நினைப்போம்? யாரும் வரவில்லை என்று நினைப்போம். அவள் அப்படியா? மாவு எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒருத்தன், அதை மிதிக்காமல் கையை நீட்டி உடைத்திருக்கிறான். மாவு தூவியதைப் பார்த்தது யார்? தினமும் கடைசியாக ஸ்டாண்டை மடக்கிக்கொண்டு இறங்குகிறவன் யார்?

தம்பி அன்று காலையில் சீட்டியடித்துக்கொண்டுதான் ஏறி வந்தான். அவள் வாசலை மறித்து நின்றாள்.

"நான் மாவு தூவுறதை நீ பாத்தியா?"

"பாத்தேனே. எறும்புக்குப் போடுறியோன்னு நெனச்சேன்" என்று சிரித்தான்.

"அப்ப நீதான்."

"என்ன நான்தான்?"

"கட்டுப் போட்ட மாதிரி இருக்குன்னு சொன்னது நீ. படத்துல அசிங்கமா விழுதுன்னு சொன்னதும் நீ. வேற யாருக்கு இந்தக் கண்ணாடி உறுத்துது?"

அவன் சிரிப்பு நின்றுபோயிற்று. காமிராவின் மூடியைப் போட்டான், கழற்றினான், மறுபடி போட்டான். "ஊர்ல எல்லாரையும் கேட்டே, சரி. அது உன் சுபாவம்னு விட்டேன். உன் கையால சோறு தின்னு வளந்தவன்கா நான். என்னையும் அந்த வரிசையில நிறுத்திட்டியே."

"உடைக்கலைன்னு சொல்லேன்."

"சொன்னா நம்புவியா?"

அவள் கண் உடைந்த கண்ணாடிப் பக்கம் போயிற்று. அவன் அவளைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனான். அன்றிலிருந்து அவளோடு பேச்சை நிறுத்தினான். மத்தியானச் சாப்பாட்டை அவளோடு பங்கு போட்டுச் சாப்பிடுகிறவன், தூக்கை எடுத்துக்கொண்டு படகுக்காரனோடு போய் உட்கார்ந்தான். அவள் தன் தூக்கைத் திறக்கவே இல்லை. ஆனாலும் புதுச் சில்லை ஒட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை கோபுரத்துக்கு விடுமுறை. ஆளரவம் இல்லாத நாளில்தான் தம்பி வருவான் என்று கணக்குப் போட்டாள். மாடிப்படிக்குக் கீழேதான் அவன் சாமான் அறை, வர ஒரு சாக்கும் இருக்கிறது. கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும். காலையிலேயே போய் வெளிக்கதவைப் பூட்டாமல் சும்மா சாத்தி வைத்தாள். மேலே போய் மாடத்தின் நிலைப்படிக்கு உள்பக்கம், இருட்டில், கண்ணாடி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். கூடப்பிறந்தவனைப் பிடிக்கப் பொறி வைத்துக் காத்திருக்கிற அக்கா! நினைத்தால் அவளுக்கே கூசியது. எழுந்து போகவும் மனம் வரவில்லை.

மத்தியானம் ஆனது. சாப்பிட்டாள். அருவி இரைந்துகொண்டே இருந்தது. படியில் ஒரு காலடியும் கேட்கவில்லை. மூன்று மணி இருக்கும். 'டிக்' என்று ஒரு சத்தம். பல்லில் கல் கடிபட்டது போல, அவ்வளவுதான். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரும் இல்லாத மாடத்தில், யாரும் தொடாத ஐந்தாம் எண் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி கீழே விழுந்தது.

அவள் ஸ்டூலைவிட்டு எழவில்லை. பிறகு எப்படியோ படி இறங்கி அலுவலக அறைக்கு வந்து பதிவேட்டைப் புரட்டினாள். தேதி எல்லாம் அவள் கையெழுத்தில்தான் இருந்தது. முப்பத்தைந்து நாள். இருபத்தொன்று. பத்து. இப்போது ஐந்து. கண்ணாடி இதற்கு முன் அவளிடம் நாலு தடவை சொல்லியிருக்கிறது. சொன்னதை ஒவ்வொரு தடவையும் அவளே புதுசாக ஒட்டி மறைத்திருக்கிறாள். அந்த மூலையில்தான் தம்பி ஒவ்வொருவரையும், "இன்னும் கொஞ்சம் பின்னாடி" என்று நிறுத்திக்கொண்டிருக்கிறான்.

என்ஜினியர் போனை எடுக்கவில்லை. தலைமை அலுவலகத்துக்குப் போட்டாள். எடுத்தவர், "ஐந்தாம் எண்ணா? மறுபடியும் விஷமிகளா? புகாரா எழுதி அனுப்புங்கம்மா" என்று வைத்துவிட்டார். அவர்மேல் கோபப்பட முடியவில்லை. அவள் சொல்லிக்கொடுத்த வார்த்தைதானே அது.

அறையில் உட்கார்ந்து பதிவேட்டில் நெடுநேரம் எழுதினாள். பிறகு மாடத்துக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் முதல் பஸ்ஸிலேயே பதிவேட்டோடு என்ஜினியரின் அலுவலகத்துக்குக் கிளம்பினாள். அவர் வெளியூர் வேலையில் இருந்தார், மறுநாள்தான் வருவார் என்றார்கள். விஷயத்தை எழுதிக்கொடுத்துவிட்டு அவள் திரும்பி வரும்போது மணி பத்தரை.

வாசலில் கூட்டம் அலைமோதியது. பள்ளிகளுக்கு விடுமுறை தொடங்கிய நாள். மேலே அண்ணாந்து பார்த்தாள். மாடம் நிறைய ஆட்கள்.

"ஐயய்யோ! கதவை யாரு திறந்தது?"

டிக்கெட் கிழிப்பவர், "நான்தான். மாத்துச் சாவி என்கிட்ட இருக்கே. கூட்டம் கத்துது, நீங்களோ ஆளைக் காணோம்" என்றார். "ஏம்மா இப்படிப் பதறுறீங்க? இன்னிக்கு யார் மேல சந்தேகம்?"

"சுவர் மேல" என்றாள்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்தில் நின்றிருந்த வழிகாட்டியும் சிரித்தான். அவள் நிற்காமல் ஓடினாள். ஐம்பத்திரண்டு வயதில் நூற்றுப் பன்னிரண்டு படியை எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது.

மாடத்தில் முப்பது பேருக்குக் குறையாது. இடது மூலையில் ஒரு குடும்பம், தாத்தா முதல் கைக்குழந்தை வரை, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றது. தம்பி காமிராவுக்குப் பின்னால் குனிந்திருந்தான்.

"எல்லாரும் கீழே இறங்குங்க! சுவர் சரியில்லை!" என்று கத்தினாள்.

அருவிச் சத்தத்தில் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. கேட்டவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி அருவியைப் பார்த்தார்கள். "சுவர் நல்லாத்தானே இருக்கு?" என்று ஒருவர் தட்டியே காட்டினார். இதுநாள்வரை அவள் ஒருத்தரையும் நம்பியதில்லை. இன்றைக்கு முப்பது பேர் அவளை நம்ப வேண்டும். எப்படி நம்புவார்கள்?

தம்பியிடம் போனாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் பதிவேட்டைப் பிரித்து, நேற்று எழுதிய பக்கத்தை அவன் கண்ணுக்கு நேரே நீட்டினாள்.

"எண் 5 இன்று பிற்பகல் மூன்று மணிக்கு என் கண்முன் தானாக உடைந்தது. அருகில் யாரும் இல்லை. இதற்கு முன் நான்கு முறை உடைந்ததும் தானாகத்தான். விஷமிகள் என்று நான் எழுதியது பொய். விதியை மீறி நானே மாற்றி ஒட்டினேன். என் தம்பிமேல் பழி போட்டேன். அவன் உடைக்கவில்லை. தவறு முழுவதும் என்னுடையது." கீழே கையெழுத்து, தேதி, நேரம்.

அவன் ஒரு தடவை படித்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். தன் தப்பு என்று அவள் வாயால் சொல்லிக்கூட அவன் கேட்டதில்லை. இவள் அரசாங்கப் பதிவேட்டில் எழுதியிருக்கிறாள், வேலை போகும் என்று தெரிந்தே.

ஸ்டாண்டை மடக்கினான். கையை உயர்த்தி, படம் எடுக்கும்போது கூப்பிடுகிற அதே குரலில், "சார், அம்மா, எல்லாரும் கொஞ்சம் இங்க பாருங்க! மேல வெளிச்சம் சரியில்ல. முகமெல்லாம் கறுப்பா விழும். கீழ ஆத்துப் பாலத்துல நின்னா அருவியும் கோபுரமும் சேந்து வரும். மெதுவா, ஒவ்வொருத்தரா, தாத்தாவை முதல்ல விடுங்க, என் பின்னாடியே வாங்க!" என்றான்.

வேடிக்கையைப் பாருங்கள். சுவர் விழும் என்று சொன்னபோது அசையாதவர்கள், முகம் கறுப்பாக விழும் என்றதும் வரிசையாக இறங்கிப் போனார்கள்! கடைசிக் குழந்தையும் நிலைப்படி தாண்டியதும் அவள் கதவைப் பூட்டினாள். கீழே வந்து டிக்கெட்காரரிடம் மாற்றுச் சாவியையும் கேட்டு வாங்கினாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் என்ஜினியர் வந்தார். அளந்தார், மறுபடி அளந்தார், மாடத்துக்கு நிரந்தரமாகப் பூட்டுப் போடச் சொன்னார். பிறகு பதிவேட்டைப் படித்தார். "எழுபத்தொரு நாள் லேட்" என்றார். அவள் தலைகுனிந்து நின்றாள். "உங்களை வேலையை விட்டுத்தான் எடுக்கணும். ஆனா உங்க இடத்துக்கு வர்ற ஆள் இந்தப் பக்கத்தை எழுதுவாங்களான்னு எனக்கு இப்ப சந்தேகமா இருக்கு." அலமாரியிலிருந்த சில்லுகளையும் சாந்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். எழுத்து மூலமாக ஓர் எச்சரிக்கை மட்டும் வந்தது.

பதினெட்டாம் நாள், மழை பெய்துகொண்டிருந்த மத்தியானத்தில், மாடத்தின் இடது மூலை அப்படியே பெயர்ந்து ஆற்றில் விழுந்தது. சத்தம் கேட்டு ஊரே திரண்டது. அன்றிலிருந்து அவளுக்கு மரியாதை என்றால் மரியாதை! "பூதக்கண்ணாடி மட்டும் இல்லைன்னா?" என்று டிக்கெட்காரர் போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். வழிகாட்டி தன் கதையில் ராணிக்குப் பக்கத்தில் அவளுக்கும் ஓர் இடம் கொடுத்தான். அவள் சந்தேகத்தால்தான் முப்பது உயிர் பிழைத்தது என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு எரிந்தது. அவள் சந்தேகத்தால்தான் எழுபத்தொரு நாள் அத்தனை பேரும் அங்கே நின்றார்கள் என்பது பதிவேட்டைப் படித்த இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் சாயங்காலம் தம்பியின் அச்சு அறைக்குப் போனாள். இப்போது அவன் பாலத்தில் படம் எடுக்கிறான், அருவி பாதிதான் விழுகிறது. "அந்த எழுபத்தொரு நாள் எடுத்த படமெல்லாம் இருக்கா?" என்று கேட்டாள்.

அவன் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினான். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கல்யாணமான ஜோடி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், சக்கர நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஏறிவந்த மகன், அதில் உட்கார்ந்திருந்த அம்மா. எல்லாரும் அதே மூலையில். எல்லாரும் சிரித்தபடி. தலைக்குப் பக்கத்தில் வெள்ளைச் சாந்து. அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"எல்லாரும் நல்லபடியா வீடு போய்ச் சேந்துட்டாங்கக்கா. அழாதே."

"உனக்கெப்படித் தெரியும்?" என்றாள். அழுகையிலும் அந்தக் கேள்வி தானாக வந்துவிட்டது.

"இறங்கி வந்து படத்தை வாங்கிட்டுப் போயிருக்காங்களே. வாங்காமப் போன படத்தை நான் இந்த டப்பாவுலதான் போட்டு வைப்பேன்" என்று ஒரு தகர டப்பாவை எடுத்துத் திறந்தான். "ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

எடுத்துப் பார்த்தாள். சாயங்கால வெளிச்சம். மாடத்தின் இடது மூலையில், ஆற்றுப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் ஒரு கையை ஊன்றி, மறு கையில் மாவு டப்பாவோடு, யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு அவள் நிற்கிறாள். ஊன்றிய கைக்குக் கீழே இருந்த கல் இப்போது ஆற்றில் கிடக்கிறது.

"உன்னைக் கிண்டல் பண்ணலாம்னு எடுத்தேன்" என்றான். "அப்புறம் பேச்சு நின்னுபோச்சு. நீயும் வாங்கிக்கலை."

"என்னை நீ சந்தேகப்படவே இல்லையாடா? மாவும் கையுமா மூலையில நிக்கிறேனே."

"உன்னையா? எதுக்கு?" என்றான் அவன். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான்.

அவள் படத்தை முந்தானையில் துடைத்துப் பதிவேட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அறையைப் பூட்டும் வேலை அன்று அவளுடையது. பூட்டினாள். இழுத்துப் பார்க்காமல் தம்பியோடு நடந்தாள்.